கொடியில் பச்சைத் துண்டு

"நாற்காலிய இப்படியா போடுவாங்க? வர்றவங்க செவுத்தையா பாக்கணும்?" என்று மேலாளர் குரலை உயர்த்தியதில், வாடகை நாற்காலிக்காரர் கையில் இருந்த இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கினார். துக்கத்துக்கு வந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில் படுத்திருந்த பெரியவர் மட்டும் கண்டுகொள்ளவில்லை. பழைய தெம்போடு இருந்திருந்தால் அந்த நாற்காலிகள் இந்நேரம் பறந்திருக்கும். மேலாளர் அந்த அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை.

மேலாளர் ஒரு கம்பெனியில் ஊழியர் விவகாரம் பார்க்கிறவர். அவ்வப்போது எல்லோரையும் உட்காரவைத்து, கோபத்தை அடக்குவது எப்படி என்று வகுப்பும் எடுப்பார். மூச்சை இழுத்து, பிடித்து, மெல்ல விடச் சொல்வார். சரியாக விடாதவர்களைத் திட்டுவார்.

அந்த வகுப்பில் தவறாமல் வருவது அப்பா கதை. அப்பா ஷிஃப்ட் முடிந்து கடுகடுவென்று வந்து சேர்ந்த நாட்களில், அம்மா மாடிக்கொடியில் ஒரு பச்சைத் துண்டைப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் தெருமுனையிலேயே அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நேரம் போக்கிவிட்டு வருவான். "எங்க வீட்டு வானிலை அறிக்கை" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கவேண்டிய இடம் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மனைவியிடமும் சொல்லியிருந்தார். அவள் சிரிக்கவில்லை. துண்டு தெருமுனை வரைக்கும் தெரியுமா என்று கேட்டாள்.

அமரர் வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரருக்கு அடுத்து இன்னொரு வீடு இருந்தது. மகளைத்தான் இன்னும் காணோம். பெரியவருக்குப் பேச்சு போனபிறகு, ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் அவருக்கு நகம் வெட்டிவிட்டு, கல்லூரிக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். நான் வந்து பார்க்கிறவரைக்கும் தாத்தாவை எடுத்துவிடாதீர்கள் என்று போனில் கெஞ்சியிருந்தாள். அதையும் தன் அம்மாவிடம்தான் சொல்லியிருந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கியாயிற்று என்று தகவல் வந்தே வெகு நேரம் ஆகிறது.

இந்தப் பொடிநடைக்கு இவளுக்கு ஒரு யுகமா வேண்டும் என்று மேலாளருக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டிப் பார்ப்பதற்காகப் பால்கனிக்கு வந்தார்.

கொடியில் பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை நினைவில் வைத்திருந்து, அப்பாவுக்குக் கடைசி மரியாதை செய்திருக்கிறாள் மருமகள்! அடுத்த வகுப்பில் இதை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டார். தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு வந்த மனைவியிடம் குழைந்த குரலில் சொன்னார்:

"எடுத்துடும்மா. அப்பா இனிமே யாரையும் திட்டப்போறதில்ல."

அவள் தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாமாவுக்குப் பேச்சு நின்னு மூணு வருஷம் ஆச்சு" என்றாள். "நீங்க அந்த நாற்காலிக்காரர்கிட்ட கத்தினீங்கல்ல, அப்பப் போட்டேன். எடுக்கணும்னா நீங்களே எடுங்க."

உள்ளே போய்விட்டாள்.

தெருமுனையில், பூட்டியிருந்த சலவைக்கடை ஓரமாக, தோள்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள். அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, பக்கத்துத் தெருவுக்குள் நடந்தாள். அது எந்தச் சந்து வழியாகப் போய் எங்கே வந்து முடியும் என்று மேலாளருக்குத் தெரியும். எந்த வாசலில் நாய் குரைக்கும் என்றும் தெரியும்.

உரக்கக் கூப்பிட வாயைத் திறந்தார். தன் குரல் அந்த முனையில் எப்படிக் கேட்கும் என்று தோன்றியது. மூடிக்கொண்டார்.

"சார்... தூக்கிடலாமா?" வண்டிக்காரர் அடி வாங்கத் தயாரானவர் மாதிரி இரண்டெட்டுத் தள்ளியே நின்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே. பொண்ணு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவா."

வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. போய், சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் துண்டை உருவி மடித்தார். ஒரு பக்கம் கடையில் வாங்கியபடியே கரும்பச்சையாக இருந்தது. மறுபக்கம் பல வருஷ வெயில் குடித்து, வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துப் போயிருந்தது.

முனையில் தோள்பை மறுபடி தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலாளர் பின்னால் நகர்ந்து, வெறும் கொடி மட்டும் தெரியும்படி, கதவு மறைவில் நின்றுகொண்டார்.