சாம்பல் குழியும் சைவ அடுக்களையும்

என் மாமியார் குழல்வாய்மொழி சோப்பை அடுக்களைக்குள் விட்டதே கிடையாது. அதில் கொழுப்பு இருக்கிறதாம், சைவ வீட்டுக்கு ஆகாதாம். எத்தனை பாத்திரம் விழுந்தாலும் கொல்லைப்புறச் சாம்பல் குழியிலிருந்து ஒரு கை அள்ளித் தேய்ப்பதுதான் சுத்தம். அதே குழியில்தான் எங்கள் பூனையும் காலைக்கடனை முடித்து, பதவிசாக மூடிவிட்டுப் போகும். அது அத்தையின் கணக்கில் சேராது.

எண்பத்து நாலில் நான் இரண்டாம் முறை உண்டானேன். முதல் பிள்ளை நாலாம் மாதமே கலைந்துவிட்டது. இந்தத் தடவை தும்மினால்கூட எனக்குப் பயம். தென்காசி டாக்டரம்மா, வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார்.

"பூனையைக் கொஞ்சலாம், பயப்படாதே. அது வெளிக்கு இருந்த இடத்துல மட்டும் கை வைக்காதே. பிள்ளைக்கு ஆகாத கிருமி இருக்கலாம். வேற யாராவது தினமும் அள்ளிப் போடட்டும். மண்ணு, சாம்பல் தொட்டா சோப்புப் போட்டுக் கழுவு."

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்குப் பாதிதான் காதில் ஏறியது. பூனைப் பீயை அள்ளுவதைவிடப் பூனையையே அள்ளுவது அவருக்குக் கௌரவம். சாக்கில் கட்டிப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் விட்டுவிட்டு வந்து, புலியைக் கொன்றவர் மாதிரி காபி கேட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை அத்தை பாத்திரங்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"பூனைதான் போயிட்டுல்லா. தேச்சு வையிட்டி."

"குழி போகலியே அத்தை. பக்கத்து வீட்டு நல்லகண்ணு அண்ணாச்சியோட கடுவன் பூனையும் அங்கனதான் வருது. என் பிள்ளைக்கு ஆகாது. சோப்பு வாங்கச் சொல்லுங்க."

"நானும் பெத்தவதான். இந்தச் சாம்பல்லதான் தேச்சேன்."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குழியைக் குச்சியால் கிளறச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினார். மேலாகவே கிடந்தது, அன்றைக்குப் போட்டது.

"நல்லா பாத்துக்கிடுங்க அத்தை. சாமிக்குப் பொங்கல் வச்ச உருளியை நேத்து காலையில இதை அள்ளித்தான் தேச்சேன்."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏலே நெல்லையப்பா, ஓடிப்போய் சோப்பு வாங்கிட்டு வா. வந்து மண்ணைப் போட்டு இந்தக் குழியைத் தூத்துரு."

அவர் ஓடினார். போன பிள்ளைக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் வராத பதற்றம் ஓர் உருளிக்கு வந்தது. சோப்பு வந்ததும் அத்தை உருளியை நீட்டினாள். நான் சோப்பை மட்டும் வாங்கி, என் கையை நிதானமாகக் கழுவினேன். சாமி பாத்திரம் காத்திருந்தது.