கங்கம்மா நின்ற இடம்

முனிவேல் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பல்கூட விளக்கியிருக்கவில்லை. நான்கு நாளாக ஒரே பேண்ட்டோடு திரிகிறான். முழங்காலுக்கு மேல்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. "அண்ணா, ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரமாம். நீங்க வந்து தொட்டப்புறந்தான் கங்கம்மா கல்ல எடுக்கணும்னு ஊர்ல சொல்றாங்க" என்றான். பிறகு நான் கேட்காமலே, அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கொஞ்சம் பரவாயில்லை, ஆக்சிஜன் டியூபை மட்டும் இன்னும் எடுக்கவில்லை என்றான். தினமும் இப்படி வந்து எனக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறான். அவன் அம்மா ஜோதியம்மாளைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கி வந்தவன் நான் என்பதால் எனக்குச் சொல்லவேண்டியது தன் கடமை என்று நினைக்கிறான். நான் தலையை ஆட்டினேன். சட்டை மாற்ற உள்ளே போனால் என் மனைவி சாந்தம்மா அடுப்படியில் என் முகத்தைப் பார்க்காமல் ராகி மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தெலுங்கு. கோபம் என்றால் அவள் தெலுங்கில் பொரிந்து தள்ளுவாள், ஆனால் இந்த நான்கு நாளாக அவள் எந்தப் பாஷையிலும் என்னோடு பேசவில்லை.

நான் இந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. என் அப்பனும் அதுதான், அவன் அப்பனும் அதுதான். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பது எங்கள் வேலை. விவசாயம் செத்துப்போய், ஆளாளுக்கு ஓசூர் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறப் போய்விட்ட பிறகு நீர்க்கட்டிக்கு என்ன வேலை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கங்கம்மாவுக்குப் பூசை போடுவது மட்டும் மிச்சம். கங்கம்மா என்றால் கோயில் கிடையாது, முகம் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து நட்டிருக்கும். ஏரி நிறைந்து தண்ணீர் மேல்பக்க நிலங்களில் ஏறும்போது, எந்த இடத்தில் ஏறுவது நிற்கிறதோ அங்கே ஊர்கூடிக் கிடா வெட்டி அந்தக் கல்லைக் கொண்டுபோய் நடுவார்கள். அடுத்த முறை தண்ணீர் அதையும் தாண்டினால் கல்லும் மேலே போகும். தாண்டாவிட்டால் அங்கேயே நிற்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அப்பன் அதைக் கடைசியாக மேலே நகர்த்தினான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஏரி நிறைந்தபோது தண்ணீர் வந்து அவள் காலடியைத் தொட்டு நின்றதை நானே பார்த்தேன். அந்தக் கல்லைக் கீழே இறக்கியவர்கள் யாரும் இல்லை, என்னைத் தவிர.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏரியின் மேல்பக்கம் பன்னிரண்டு ஏக்கரை ஒரு பார்ட்டி வாங்கியது. ஊர்ப்பையன் வெங்கட்தான் நடுவில் நின்று பேசினான். அந்தப் பன்னிரண்டில் என்னுடையது அறுபது சென்ட். ராகி விதைத்தால் விதைகூடத் திரும்பாத மண், அதை மனை என்று சொல்லி வாங்க ஆள் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள். கூடவே என் மகன் ராஜசேகரை சைட் சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொன்னார்கள். படித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவன், வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன், அந்தச் செய்தி கேட்ட அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதை நான் மறக்கவில்லை. வெங்கட் அதற்குப் பிறகுதான் கல்லைப் பற்றிப் பேச்சை எடுத்தான். நாளைக்கு யார் யாரோ குடிவருவார்கள், அம்மா பக்கத்தில் எச்சில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஏரியோரம் புங்கமரத்தடியில் டைல்ஸ் மேடை கட்டி மரியாதையாக வைத்துவிடலாம் என்றான். ஊரே நல்ல யோசனை என்றது. நிலம் விற்றவர்கள்தானே எல்லாரும். எனக்குத் தெரியும், அவன் எச்சில் தண்ணீருக்காகப் பேசவில்லை என்று. தண்ணீர் அதிகபட்சம் ஏறிய கோட்டுக்குள் வீட்டுமனைக்கு அனுமதி கிடையாது என்று சட்டம் இருந்தது. சின்ன ஏரி என்பதால் அந்தக் கோடு எங்கே என்று ஆபீஸில் எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்தக் கல் மட்டும்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கல்லை ஏரிப் பக்கமாக முந்நூறு அடி தள்ளிக் கீழே இறக்கினோம். மேளம் உண்டு, பொங்கல் உண்டு, கிடாவும் உண்டு. கல்லை எடுக்கும்போது, முன்பு நட்டவர்கள் குழிக்குள் போட்ட வளையல், காசு எல்லாவற்றையும் எடுத்துப் புதுக்குழியில் போடவேண்டும் என்பது முறை. ஜேசிபி பக்கத்திலேயே உறுமிக்கொண்டு காத்திருந்தது, வெங்கட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குழிக்குள் இருந்ததை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நீர்வளத்துறையிலிருந்து சுவேதா என்று ஒரு இளம் இன்ஜினியர் அம்மா மனை அனுமதிக்கான விசாரணைக்கு வந்தார். டீக்கடையில் கேட்டார், பஸ் ஸ்டாப்பில் கேட்டார், களத்தில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்த ரங்கம்மாவிடம் கேட்டார். எல்லாரும் பிறந்ததிலிருந்து சொல்லி வந்ததையே சொன்னார்கள். தண்ணீர் கங்கம்மா கல் வரைக்கும் வரும், அதற்கு மேல் ஏறாது. பொய் ஒன்றும் இல்லை. கடைசியாகப் புங்கமரத்தடிக்கு என்னைக் கூட்டிவரச் சொன்னார். வெயிலில் முகம் சிவந்து, கையில் நோட்டோடு நின்றவர், கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நல்ல பெண். "ஐயா, இந்தக் கல்லு எவ்ளோ நாளா இங்க இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்குதுங்க" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். டேப் பிடித்து அளந்தார்கள். அடுத்த தையில் 'கங்கா நகர்' என்று ஆர்ச் கட்டி, மூன்று தெருவுக்குத் தார் போட்டார்கள். அவள் பெயரையே வைத்தார்கள் பாருங்கள். ராஜசேகர் ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். எப்போதாவது போன் பண்ணுவான்.

முனிவேல் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன். ஊத்தங்கரை பக்கம் மானாவாரிக் கிராமம், வீட்டில் காலங்காலமாகக் கூலி வேலை. இவன் ஐடிஐ படித்து ஓசூரில் மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் நிரந்தரம் ஆனவன், மனைவி சரிதா இன்னொரு கம்பெனியில் பேக்கிங். அவர்கள் வம்சத்திலேயே சொந்தப் பேரில் மனை வாங்கிய முதல் ஆள் அவன்தான். அதை அவனே கூச்சத்தோடு என்னிடம் சொன்னான். பக்கவாதம் வந்து பேச்சு போய், வலது கை மட்டும் அசைகிற தன் அம்மா, சாவதற்குள் மழை ஒழுகாத கூரைக்குக் கீழே படுக்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. முதல் தெருவில், ஏரிக்குப் பக்கத்து மனை. அஸ்திவாரம் போடும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மேஸ்திரி இரண்டரை அடி போதும் என்றாராம், நீங்கள் நீர்க்கட்டி, நீங்கள் சொல்லுங்கள் என்றான். அந்த இடத்தில் என் மார்பளவு தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னதெல்லாம், "இன்னும் ரெண்டு அடி தூக்கிக்கோயேன் முனிவேலு" என்பது மட்டும்தான்.

அவன் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினான். வெள்ளத்தில் மூழ்கும் பகுதியில் இல்லை என்று சீல் போட்டிருந்தது. "கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்களே அண்ணா" என்றான். கவர்மெண்டுக்கு எழுதிக் கொடுத்தவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. நான் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்தது மழை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே ஏரி நிறைந்துவிட்டது. தண்ணீர் வழிந்தோடும் கோடிக்கால்வாயில் பாதியை ஒரு குடோன் மதில் விழுங்கியிருந்ததால் வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் மேல்பக்கம் ஏற ஆரம்பித்தது. மதகு ஷட்டரைத் திருகிப் பார்த்தேன். துருப்பிடித்து அசையவில்லை. எட்டு மணிக்குப் புங்கமரத்தடியில் கங்கம்மாவின் இடுப்பு, எட்டரைக்குக் கழுத்து, பிறகு மஞ்சள் கரைந்த தண்ணீர் மட்டும். எங்கே போய் நிற்கும் என்று அந்த ஊரிலேயே எனக்குத்தான் அடியளவில் தெரியும். ஓடிப்போய் முதல் தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்தேன். காபி கொடு என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அந்தக் காபியைக் கடைசிவரை குடித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சாந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். "அந்தம்மா தனியா படுத்துக்கினு இருக்குமே" என்றாள் திடீரென்று. முனிவேலும் சரிதாவும் காலை ஷிப்டுக்குப் போயிருப்பார்கள்.

போனபோது முதல் தெருவே இல்லை. பின்கதவை உடைத்து உள்ளே போனேன். கட்டில் மேல் மெத்தை மிதந்துகொண்டிருந்தது. ஜோதியம்மாள் வாய்க்குள் தண்ணீர் போகாமல் தலையைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை நான் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தோளில் போட்டதும் அந்தக் கை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை விடவில்லை. நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, சொல்லமுடியாது என்கிறார்கள். சாயந்திரம் முனிவேல் வந்து எல்லாருக்கும் முன்னால் என் காலில் விழுந்தான். நான் நகரக்கூட இல்லை.

தண்ணீர் மூன்றாம் தெரு முனையில், கரண்ட் கம்பத்தடியில் நின்றது. ரங்கம்மா சரிதாவிடம் பழைய வழக்கத்தைச் சொல்லியிருக்கிறாள். கங்கா நகர்க்காரர்கள் கூடிப் பேசி, கல்லைக் கம்பத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டால் இனிமேல் தாண்டாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஜேசிபி சமப்படுத்தி மண் கொட்டிய பிறகு பழைய இடம் எது என்று பலருக்கு அடையாளம் தெரியாது. தெரிந்தவர்கள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கட் வரவில்லை.

நான் கல்லைத் தொட்டேன். நான்கு பேர் தூக்கிவந்து கம்பத்தடியில் படுக்கவைத்தார்கள். குழியை நான் தோண்டுகிறேன், கடப்பாரையைக் கொடு என்று முனிவேலிடம் கையை நீட்டினேன். "நீங்க உக்காருங்கண்ணா, நீங்க செஞ்சதே போதும்" என்று சொல்லி அவனே ஓங்கிக் குத்தினான். மேலே ஒரு அடிக்கு லே-அவுட்காரர்கள் கொட்டிய செம்மண். அதற்குக் கீழே எங்கள் கறுப்பு மண் வந்தது. பக்கத்தில் கொஞ்சம் தள்ளித் தோண்டலாம், இங்கே கேபிள் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். முனிவேல் நிறுத்தாமல் குத்தினான். சரிதா தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் நவதானியம், மஞ்சள் துணி, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

கடப்பாரை எதிலோ பட்டு நறநறவென்றது. முனிவேல் மண்டியிட்டுக் கையை விட்டு அள்ளினான். மக்கிய துணி ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு பச்சை வளையல் துண்டுகள், தாமரை போட்ட பழைய பித்தளை இருபது காசு. என் அப்பன் போட்டது. போடும்போது குழிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் காசைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். மனைவியின் தட்டிலிருந்த வளையலைப் பார்த்தான். தரையில் படுத்துக் கிடந்த கல்லைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, சரிவில் இறங்கிப் போகிற மூன்று தெருவையும், கடைசியில் ஜன்னல் வரைக்கும் சேற்றுக்கோடு போட்டு நிற்கிற தன் வீட்டையும், அதற்கும் கீழே வெறும் டைல்ஸ் மேடையோடு இருந்த புங்கமரத்தையும் நேர்கோட்டில் பார்த்தான்.

"அண்ணா" என்றான். அவ்வளவுதான். உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினான், காசும் கண்ணாடித் துண்டுகளும் அப்படியே தெரிய. அவனுக்குப் பின்னால் குழியின் அடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.