நான்காவது டோனட்டின் பயன்பாடு

1

இந்தக் கதை நான்கு சொற்களிலிருந்து பிறந்தது: "மிஸ் பிரெக்கே பதிலேதும் கூறவில்லை."

1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கான கருத்தரங்குக் குறிப்பேட்டில், சாய்ந்த அழகான கையெழுத்தில், இந்த வாக்கியம் இருக்கிறது. நான் அதைப் பல தடவை படித்திருக்கிறேன். முழுக்க உண்மையான வாக்கியம். அதுதான் அதிலுள்ள கோளாறு.

கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று வருடம் போய்விட்டது. முதல் முயற்சி இப்படி இருந்தது:

அந்த ஆண்டு பனி ஏப்ரல் வரை உருகவில்லை. அயோவாவின் சோளக் கொல்லைகளின் மேல் ஒரு மாபெரும் துயரம் இறங்கி, மனித ஆன்மாவின்—

(கைவிட்டேன். மொழிபெயர்ப்பு ரஷ்ய நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தால் இப்படித்தான் ஆகும். பனி பிப்ரவரியிலேயே உருகிவிட்டது. துயரத்தைப் பற்றி வானிலை நிலையத்தில் பதிவு இல்லை.)

இரண்டாவது முயற்சி: வியாழக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் விட்கம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் விரிப்பு அகற்றப்படும், அதன் பிறகு அது பொருளாதாரத் துறை.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

மேசையைச் சுற்றி முதுநிலை மாணவர்கள் ஆறு பேர். வாரம் ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். இன்னொருவர் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வியாழன் உரக்கப் படித்து ஒப்புதல் வாங்குவார். திருத்தம் இருந்தால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பேராசிரியருக்கு இந்த ஒழுங்கில் பக்தி. ஜெர்மனியில் மூன்று வருடம் படித்தவர்.

டோனட் தட்டு முதலிலேயே மேசைக்கு வந்துவிடும். பேராசிரியரின் மனைவி சுட்டது. இறுதிநிலைப் பயன்பாட்டை விளக்க அவர் அதைத்தான் எடுத்துக்காட்டுவார்: முதல் டோனட் அமிர்தம், இரண்டாவது நன்று, மூன்றாவது பரவாயில்லை, நான்காவதால் அநேகமாக ஒரு பயனும் இல்லை. கோகோ மட்டும் சூடாக இருக்க வேண்டும் என்பதால் கட்டுரை முடிந்த பிறகு வரும்.

(இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோகோ கட்டுரைக்குப் பிறகு வரும்.)

3

கதாபாத்திரங்கள். ஹுல்டா பிரெக்கே: வட டகோட்டாவின் நார்வேக்காரக் குடும்பத்துப் பெண், அந்த மேசையில் ஒரே பெண். ஆர்வில் டீக்: அந்த வாரக் குறிப்பாளர், சாய்ந்த கையெழுத்துக்குச் சொந்தக்காரர். கோயிச்சி நாகயாமா: ஜப்பானின் கோபே நகரிலிருந்து வந்தவர், பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை நடக்கவிட்டுப் பார்ப்பவர். வங்கித் துறை பற்றி எழுதிக்கொண்டிருந்த இருவர் கதைக்குத் தேவைப்படவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ஃபெல்ப்ஸ் என்று ஒருவர். ஹுல்டாவுக்குப் பக்கத்து நாற்காலி. மேசைக்கடியில் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பவர். இவரால் கதைக்கு என்ன பயன் என்று இன்னும் பிடிபடவில்லை. வரைவைப் படித்த நண்பர், "இந்த ஆளைத் தூக்கிடு, சும்மா உக்காந்து தின்னுட்டிருக்கான்" என்றார். யோசிக்கிறேன்.

எது பணயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டுக்கு ஓர் உதவித்தொகைதான் இருந்தது. போட்டி ஹுல்டாவுக்கும் டீக்குக்கும். முடிவு செய்கிற மூன்று பேராசிரியர்கள் கருத்தரங்குக்கு வருவதில்லை, குறிப்பேட்டைத்தான் படிப்பார்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஹுல்டா ஜூனில் ஊருக்குத் திரும்பி ஒற்றை அறைப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். பள்ளிக் குழுவின் கடிதம் ஏற்கெனவே அவள் பையில் இருந்தது.

4

ஹுல்டாவின் கட்டுரை, நீராவிச் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. கூலியை உயர்த்தினால் அதிக நேரம் உழைப்பார்கள் என்கிறது கோட்பாடு. அந்தப் பெண்கள் குறைவான நேரமே வந்தார்கள். சோம்பல் என்றார்கள் முதலாளிகள். ஹுல்டா அறுபத்து மூன்று பேரைப் போய்ப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் மிச்சம் பிடித்த நேரத்தில் அவர்கள் தங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த அட்டவணையிலும் இல்லாத உழைப்பு, அவ்வளவுதான் அவள் வாதம்.

கட்டுரை முடிந்தது. சமையலறைக் கதவு திறந்தது.

"ஹுல்டா கண்ணு, கொஞ்சம் வாம்மா," என்றார் திருமதி விட்கம். "பால் பொங்குது. எனக்கு இருக்கிறது ரெண்டு கை."

"இதோ வரேம்மா." ஹுல்டா பேராசிரியரைப் பார்த்தாள். "நான் வந்ததும் ஆரம்பிக்கலாமா, ஐயா?"

"நீ போயிட்டு வா. நாங்க சும்மா பேசிட்டிருப்போம்."

சும்மா பேசினார்கள்.

"அறுபத்து மூணு பேர் சொன்னதை வெச்சு ஒரு விதியையே மாத்தறதா, சார்?" என்றார் டீக். "எங்க அத்தை ஒருத்தர்கிட்டயே அறுபத்து மூணு கருத்து இருக்கு."

சிரிப்பு.

"அப்புறம், வீட்டுல துவைக்கிறது எப்படி உழைப்பாகும்? யாரும் கூலி குடுக்கல. கூலி இல்லேன்னா விலை இல்ல. விலை இல்லேன்னா அது நம்ம பாடமே இல்ல."

"நல்ல கேள்வி," என்றார் பேராசிரியர். "மிஸ் பிரெக்கே இதுக்கு என்ன சொல்றாங்க?"

எல்லோரும் அவள் நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் நீல நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. இரண்டு கேள்விக்கும் அதில் பதில் எழுதியிருந்தாள், எண் போட்டு. பக்கத்தில் இருந்த ஃபெல்ப்ஸால் படிக்க முடிந்தது. சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் வந்தது.

"சரி, மேல போவோம்," என்றார் பேராசிரியர்.

ஹுல்டா கோகோத் தட்டோடு வந்தபோது பேச்சு வங்கி இருப்புக்குப் போயிருந்தது.

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான்," என்றார் டீக். "எனக்கு ரெண்டு சர்க்கரை."

(வீட்டு உழைப்பைப் பற்றிக் கட்டுரை வாசித்தவரையே அடுப்படிக்கு அனுப்பியது அளவுக்கு மீறிப் பொருந்துகிறது, ஆசிரியரின் கை தெரிகிறது என்று வாசகர் சொல்லக்கூடும். எனக்கும் அதே சங்கடம். ஒரு வரைவில் கட்டுரையைக் கோதுமைக் கிடங்குகள் பற்றியதாக மாற்றிப் பார்த்தேன். கதை நம்பும்படி ஆனது, பொய்யாகவும் ஆனது. திரும்ப மாற்றிவிட்டேன்.)

5

அடுத்த வியாழன். கட்டுரை வாசிக்க வேண்டியவருக்குச் சளி; ஆகவே குறிப்பு மட்டும்தான். பாலும் சீக்கிரமே அடுப்பேறியிருந்தது. டீக் நிதானமாகப் படித்தார். தன் இரண்டு கேள்விகளையும் முழுசாக எழுதியிருந்தார். பிறகு அந்த நான்கு சொற்கள்.

"திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் பேராசிரியர்.

ஹுல்டா எழுந்தாள். "நான் பதில் சொல்லலைங்கிறது நிஜம்தான். கேள்வியே என் காதுல விழல. உங்க வீட்டு அடுப்பு முன்னாடி நின்னுட்டிருந்தேன், ஐயா."

பேராசிரியர் உண்மையாகவே வருந்தினார். "அதாம்மா சிக்கல். அறையில இல்லாதவங்க, அறையில நடந்ததுக்குத் திருத்தம் முன்மொழியக் கூடாது. விதி அப்படி."

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான். தொண்ணூத்தெட்டுல."

ஹுல்டா நின்றுகொண்டே இருந்தாள். நாகயாமா எழுந்தார்.

"நான் அறையில இருந்தேன். முன்மொழியறேன். 'பதிலேதும்'கிற வார்த்தைக்கு முன்னாடி, 'எல்லோருக்கும் கோகோ கலக்கிக்கொண்டிருந்ததால்'னு சேர்க்கணும்."

"இது கருத்தரங்குப்பா, நாகயாமா," என்றார் டீக். "ஹோட்டல் பில் இல்ல."

"நீங்க குடிச்சீங்க. ரெண்டு சர்க்கரை. வேணும்னா அதையும் சேர்த்துக்கலாம்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறவங்க யாரு?"

டீக்கை எதிர்பார்க்க முடியாது. வங்கிக்காரர்கள் இருவரும் பென்சில் சீவினார்கள். மிச்சம் ஃபெல்ப்ஸ். ஹுல்டா அவர் பக்கம் திரும்பினாள். ஃபெல்ப்ஸின் வாய் நிறைய டோனட்.

அப்போது கதவு திறந்தது. "ஹுல்டா கண்ணு, பால் பொங்குதும்மா."

ஹுல்டா உட்கார்ந்தாள். நீல நோட்டை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"ஹுல்டா?"

"எனக்கும் ரெண்டு கைதாம்மா," என்றாள் ஹுல்டா.

பால் பொங்கியது. அடுப்பில் வழிந்து கருகும் வாசனை மேசைக்கு வந்தது. யாரும் அசையவில்லை. கடைசியில் பேராசிரியரே எழுந்து சமையலறைக்கு ஓடினார். பதினேழு வருடத்தில் அவர் அந்தக் கதவைக் கடந்தது அதுவே முதல் தடவை என்று பிற்பாடு தெரிந்தது. பால் சட்டி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். திரும்பி வந்தபோது ஒரு விரலில் ஈரத்துணி. கூட்டம் கலைந்தது.

6

ஃபெல்ப்ஸை நீக்க முடியாது. ஃபெல்ப்ஸ் நான்தான்.

இதை முன்பே சொல்லியிருக்கலாம். ஐந்து பகுதிகளாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். அது கதை உத்தி என்று சொல்லிக்கொள்ளவும் பார்த்தேன்.

வாய் நிறைந்திருந்தபோது கேள்வி வந்துவிட்டது என்று ஐந்தாம் பகுதியில் தோன்றலாம். அங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். நாகயாமா உட்கார்ந்து, பேராசிரியர் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நான் தட்டை நோக்கிக் கை நீட்டினேன். அது என் நான்காவது டோனட். பேராசிரியரின் கோட்பாட்டை அன்று என் ஒருவனால் மறுத்திருக்க முடியும்: முதல் மூன்றும் சேர்ந்து தந்ததைவிட அதிகப் பயனை அந்த நான்காவது எனக்குத் தந்தது.

வாசல்படியில் ஹுல்டாவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "மிஸ் பிரெக்கே, நான்—"

(இந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை.)

"உங்க வாய் திறந்ததை நான் பார்த்தேன், மிஸ்டர் ஃபெல்ப்ஸ்," என்றாள் கையுறையை மாட்டியபடி. "டோனட்டுக்குத்தான் திறந்துச்சு."

உதவித்தொகை டீக்குக்குப் போனது. ஜூனில் ஹுல்டா ரயிலேறினாள். ஒரே கணப்புள்ள அறையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று நாகயாமா எழுதியிருந்தார். நான் படிப்பை விட்டுவிட்டு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் ஃபெல்ப்ஸ் விழுங்கிவிட்டு, "வழிமொழியறேன்" என்கிறான். மூன்று பேராசிரியர்கள் படிக்கிறார்கள், ஹுல்டா தங்குகிறாள். இதை அழகாகவே எழுதியிருந்தேன். பிறகு அவள் இதைப் படித்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்துக் கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: பல ஆண்டுகளுக்குப் பிறகு, பனிமூட்டமான ஒரு ரயில் நிலையத்தில், அவள் நீல நோட்டுடன்—

(நீக்கம். டகோட்டா ரயில் பட்டப்பகலில் வரும். அவள் என்னிடம் பேச எந்தக் காரணமும் இல்லை.)

மூன்றாவதை நான் முடிவு என்று சொல்ல மாட்டேன். பால் பொங்கிய அந்த வியாழனுக்குக் குறிப்பாளர் முறை என்னுடையது. நான் எழுதியது: "திரு. நாகயாமா ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார்." அதன் கீழே ஒரு வரி காலியாக விட்டேன். வழிமொழிபவர் இல்லாவிட்டால் முன்மொழிவு வீழ்ந்ததாகத் தலைவர் அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்கவில்லை, பாலை இறக்கப் போய்விட்டார். நான் படித்தபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒப்புதல் கிடைத்தது.

ஆகவே முறைப்படி அது இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. என்னால் வழிமொழிய முடியாது என்று நினைக்கிறேன். மூன்று வருடம் யோசித்துத்தான் சொல்கிறேன். விதிகளையும் எடுத்துப் பார்த்தேன். அறையில் இல்லாதவர் முன்மொழியக் கூடாது என்றுதான் தொண்ணூற்றெட்டில் எழுதியிருக்கிறார். வழிமொழியக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. நீங்கள் அந்த அறையில் இல்லை.

தட்டு காலி. எல்லாவற்றையும் நான் தின்றுவிட்டேன்.

வழிமொழிபவர் யார் என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார்.