ஞாயிற்றுக்கிழமை காயப்போட்ட துணி

கலியோபி வருகிறேன் என்று போன் செய்தபோது ஸ்மரோ முதலில் கேட்டது, "எத்தனை நாள்?" என்றுதான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிரேக்க நாட்டில் பிறந்தவர்கள் விருந்தாளியிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. பாசெல் நகரத்தில் பத்து வருஷம் குடியிருந்தால் நாக்கு அப்படி ஆகிவிடுகிறது.

"ஒரு வாரம்டி! ஏன், ரூமை வேற யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கலியோபி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு போன்கூடத் தேவையில்லை. அவர்கள் ஊரான வோலோஸின் துறைமுகத்தில் நின்று சிரித்தாலே சுவிட்சர்லாந்து வரைக்கும் கேட்கும். ஸ்மரோவின் கவலையும் அதுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவளுக்குக் குடியுரிமை நேர்காணல். மொழித் தேர்வு எல்லாம் முடிந்துவிட்டது. மலைகள், ஏரிகள், மாநிலங்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். இவள் இந்த ஊரோடு ஒட்டி வாழ்கிறாளா என்று நேர்காணல் குழுவினர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அக்கம்பக்கம் என்றால் கீழ்வீட்டுத் திருமதி பியூர்கின். அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு செருப்பு இடம் மாறாது.

ஸ்மரோவுக்கு அந்தக் கடவுச்சீட்டு வேண்டும். சம்பளத்துக்காகவோ சலுகைக்காகவோ இல்லை. பேச வாயைத் திறந்ததும் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ஒருநாளாவது "இந்த ஊருதான்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. அதற்காகப் பத்து வருஷம் குதிகால் தரையில் படாமல் நடந்திருக்கிறாள். பழைய அட்டைப்பெட்டிகளைக் குப்பைக்குக் கட்டிப் போடும்போது, ஓரங்கள் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கத்தரித்துக்கூடக் கட்டுவாள்.

ஆனால் கலியோபியிடம் வராதே என்று சொல்ல முடியாது. அவர்கள் சிநேகிதிகள் ஆனதே ஒரு சண்டையில். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலை வேலை பார்த்த பெற்றோர் அவளோடு ஊர் திரும்பியபோது கலியோபிக்குப் பத்து வயது. பள்ளி மைதானத்தில் பையன்கள் சுற்றி நின்று "ஜெர்மன்காரி, ஜெர்மன்காரி" என்று கத்தினார்கள். ஸ்மரோ உள்ளே புகுந்து, "இவ என் ஃப்ரெண்டு. எவனாவது தொட்டீங்க, கடிச்சு வெச்சிடுவேன்" என்றாள். சொன்னபடி ஒருவனைக் கடிக்கவும் செய்தாள். அன்றிலிருந்து கலியோபி ஊர்ப் பேச்சைத் தவிர வேறு எந்த மொழியையும் வாயில் வைத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை வந்து இறங்கினாள். துண்டில் சுற்றிய ஆலிவ் எண்ணெய் டின், உப்புத்தண்ணீரில் மிதக்கும் பாலாடைக்கட்டி, அவள் அம்மா போட்டுக் கொடுத்த கத்தரிக்காய் ஊறுகாய், இவை எல்லாவற்றையும்விடக் கனமான குரல். படியேறும்போதே ஸ்மரோ உதட்டில் விரலை வைத்தாள்.

"சரி சொல்லு, இங்க என்னெல்லாம் பண்ணக் கூடாது?" என்றாள் கலியோபி, சோபாவில் விழுந்து.

"ராத்திரி பத்து மணிக்கு மேல குளிக்கக் கூடாது. படியில நின்னு பேசக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலி பாட்டிலைத் தொட்டியில போடக் கூடாது, சத்தம் கேக்கும்."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

"இது வீடாடி, இல்ல ஆஸ்பத்திரியா?"

"வியாழக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரின்னே நெனச்சுக்கோ. எனக்காக."

"உனக்காகன்னா படுத்த படுக்கையாவே கிடக்கறேன்" என்று கலியோபி கண்ணை மூடி நாக்கைத் தொங்கவிட்டாள். ஸ்மரோவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அவள் சிரித்ததே இல்லை. உடனே கீழே காதைக் கொடுத்துக் கேட்டாள். நல்லவேளை, எதுவும் அசையவில்லை.

துணி துவைக்கும் அறையைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அடித்தளத்தில் கட்டடத்துக்கே பொதுவாக ஒரு இயந்திரம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை. ஸ்மரோவுக்குச் செவ்வாய். ஞாயிறு யாருக்குமே கிடையாது; அன்று துவைப்பதும் காயப்போடுவதும் அங்கே பெரிய தப்பு. விருந்துக்கு வந்தவள் துணி துவைக்கப் போவாள் என்று யார் நினைப்பார்கள்? வோலோஸ்காரி நினைத்திருக்க வேண்டும். அந்த ஊரில் சிநேகிதி வீட்டுக்குப் போனால் யாரும் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை.

மறுநாள் காலை ஸ்மரோ ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே தட்டுகளில் வளரும் உயிரணுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும். மதியம் திரும்பி வந்து பின்வாசலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்துக் கொடியில் அவளுடைய திரைச்சீலைகள், படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், போதாக்குறைக்கு உள்பாவாடை. ஊரே அமைதியாகக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எல்லாம் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் கலியோபி, வாயில் துணிக்கிளிப்போடு.

"பாத்தியா! உன் திரையில பத்து வருஷத்து அழுக்கு. வெளுத்துக் கட்டிட்டேன்!"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கலியோபி!"

"அதனாலதான் இயந்திரம் சும்மா இருந்துச்சு. ஒரு ஆள் வரிசையில இல்ல. எல்லாம் நம்ம அதிர்ஷ்டம்!"

ஸ்மரோ ஈரத்துணிகளைக் கொடியிலிருந்து பறித்துக் கையில் அள்ளிக்கொண்டு படியேறினாள். முதல் மாடித் திருப்பத்தில் திருமதி பியூர்கின் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. வருத்தமாக நின்றார்.

"திருமதி ராப்தி, உங்ககிட்டேருந்து இதை நான் எதிர்பார்க்கல" என்றார் ஜெர்மனில், ஸ்மரோவைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்து.

விரிப்பிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. வியாழக்கிழமை கண்ணுக்கு முன்னாலேயே நழுவிப்போவதை ஸ்மரோ பார்த்தாள்.

"நான் இல்லீங்க. வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கா, அவ பண்ணின வேலை."

"உங்க சிநேகிதியா?"

கலியோபி நாலு படி மேலே வீட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். ஸ்மரோ துணிகளை அள்ளுவதற்குள் முன்னால் ஏறி அடுக்களைக்குப் போய், சமாதானம் பேச ஒரு தட்டு நிறைய இறைச்சி உருண்டைகளை எடுத்து வந்திருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பியூர்கினைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"சிநேகிதின்னு இல்ல. தெரிஞ்சவ, அவ்வளவுதான்" என்றாள் ஸ்மரோ. சொல்ல ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தாங்க. ஒழுங்குன்னா என்னன்னே தெரியாது. அதுக்குப் பயந்துதானே நான் இங்க வந்ததே."

திருமதி பியூர்கினின் முகம் தெளிந்தது. பத்து வருஷத்தில் முதல் முறையாக ஸ்மரோவின் கையைத் தொட்டார். "புரியுது. உங்களுக்கும் கஷ்டம்தான்."

அவர் போன பிறகு கலியோபி தட்டோடு அங்கேயே நின்றாள்.

"என்னடி சொன்ன என்னைப் பத்தி?"

"என் உயிர் சிநேகிதி, முறை தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சுக்குங்கன்னேன்."

"அப்படியா" என்றாள் கலியோபி. தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "நல்லா சொல்லியிருக்க."

அதன் பிறகு கலியோபி அடையாளமே தெரியாமல் மாறிவிட்டாள். வீட்டுக்குள் காலுறையோடு நடந்தாள். குப்பையை வகை வகையாகப் பிரித்தாள். பேசினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை தான் படுத்த விரிப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மூலை பிசகாமல் மடித்து வைத்தாள். சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். ஸ்மரோவுக்கு ஒரே பூரிப்பு. நல்லபடியாக எடுத்துச் சொன்னால் யாரும் திருந்துவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிநேகிதியின் நடத்தையில் ஏதோ குறைகிறதே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நேர்காணலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

வியாழக்கிழமை குழுவின் முன் போய் உட்கார்ந்தாள். மூன்று பேர். ஏரியைப் பற்றி ஒரு கேள்வி, தேர்தலைப் பற்றி ஒரு கேள்வி. அப்புறம் நடுவில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க கீழ்வீட்டம்மாகிட்ட பேசினோம். உங்களை ரொம்ப உசத்தியா சொன்னாங்க. உங்க ஊர்லேருந்து வந்தவங்க முறை தப்பினப்போ, நீங்க ஒளிச்சு மறைக்காம, அது தப்புன்னு நேரா சொன்னீங்களாமே. சொந்த ஊர்க்காரங்களுக்காகப் பரிஞ்சு பேசலியாம்." அவர் மனம் நிறைந்து புன்னகைத்தார். "இதுதாங்க நாங்க தேடறது. எங்க சிபாரிசு உங்களுக்கு உண்டு."

ஸ்மரோ நன்றி சொன்னாள். ஆசைப்பட்டது கையில் கிடைத்துவிட்டது. ஆனால் டிராமில் திரும்பும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். பசி மயக்கமாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

வீட்டில் கலியோபி மேசை விரிப்பு போட்டு, கடைசித் துண்டுப் பாலாடைக்கட்டியையும் தக்காளியையும் அரிந்து வைத்திருந்தாள். பக்கத்தில் பெட்டி கட்டித் தயாராக நின்றது.

"கெடச்சிடுச்சு!" என்றாள் ஸ்மரோ. "பெட்டி எதுக்கு? சனிக்கிழமைதானே போற?"

கலியோபி பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. கலியோபியே போய்க் கதவைத் திறந்தாள். திருமதி பியூர்கின், கையில் செர்ரிப்பழக் கேக்கோடு நின்றார். பத்து வருஷத்தில் அவர் இந்த வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இந்த விருந்தாளியிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் கேக்கைத் தூக்கிக் காட்டினார்.

"உள்ள வாங்க, திருமதி பியூர்கின்" என்றாள் கலியோபி ஜெர்மனில். தட்டுத்தடுமாறாத, ஸ்டுட்கார்ட் தெருவில் பாண்டி ஆடிக் கற்ற ஜெர்மன். "உக்காருங்க. ஞாயித்துக்கிழமை நான் பண்ணின தப்புக்கு மன்னிச்சுக்கணும். எங்க ஊர்க்காரங்களுக்கு ஒழுங்குன்னா என்னன்னே தெரியாது. திருமதி ராப்திக்குத் தெரியும். நான் அவங்களுக்குத் தெரிஞ்சவ, அவ்வளவுதான்."

திருமதி பியூர்கின் ஸ்மரோவைப் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரைக்கும் அவருக்குச் சிவந்துபோனது. ஆனாலும் உட்கார்ந்தார். வந்துவிட்டு உடனே திரும்பிப் போவது முறையில்லையே.

கலியோபி கேக்கை மூன்றாக வெட்டினாள். பெரிய துண்டை ஸ்மரோவின் தட்டில் வைத்தாள். ஸ்மரோவுக்கு மைதானத்தில் ஒருவனைக் கடித்த பல்லால் இன்று இந்தக் கேக்கைக்கூடக் கடிக்க முடியவில்லை. கலியோபியின் கையைப் பிடித்துக்கொண்டு கிரேக்கத்தில் கெஞ்சினாள்.

"கலியோபி, நான் பயத்துல சொல்லிட்டேன்டி. ஒரு வார்த்தை கேளு. என்னைப் பாருடி."

கலியோபி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பியூர்கினின் கோப்பையில் காபியை ஊற்றினாள். ஜெர்மனில்தான் பதில் சொன்னாள்.

"ஒருத்தரை எதிர்ல வெச்சுக்கிட்டு, அவங்களுக்குப் புரியாத பாஷையில பேசறது நல்லா இல்லீங்க, திருமதி ராப்தி."