பாதி வராண்டா

டைல்ஸ் ஒட்டுகிற அவனுக்கு வேலைத்தளத்தில் ரசமட்டம் என்று பட்டப்பெயர். டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்புகூட இடுப்பில் செருகியிருக்கும் ரசமட்டத்தை எடுத்து வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன் கையில், ‘மகளின் பள்ளிக் கட்டணம் ஆளுக்குப் பாதி’ என்று கோர்ட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. பாதி என்றால் பாதிதான். ஒரு நூல் முன்னே பின்னே போகாது.

பிரிந்துபோன பெண்டாட்டி பெயிண்டர். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நீ முதலில் கட்டு, நீ முதலில் கட்டு என்று வருஷம் ஓடியது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பள்ளிக்கூடம் மகளின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தது.

பள்ளி மேனேஜர் தங்கமான மனுஷர். “காசு இல்லன்னா என்ன, கை இருக்குல்ல?” என்றார். மாடி வராண்டாவின் தரைக்கு அவன் டைல்ஸ் ஒட்ட வேண்டும். சுவருக்கு அவள் பெயிண்ட் அடிக்க வேண்டும். கட்டணம் கழிந்துவிடும். எவ்வளவு கழியும் என்று மேனேஜர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவன் படிக்கட்டுப் பக்கம் ஆரம்பித்தான். ஞாயிறு மத்தியானம் சரியாக நடு வராண்டாவில் நிறுத்திக் கரணையைக் கழுவினான். அவள் எதிர்க்கோடியில் ஆரம்பித்தவள், அவனுக்கு முன்பே நடுவில் நிறுத்திவிட்டு ரோலரைக் கழுவிக் காயப்போட்டிருந்தாள். தரை பளபளத்த இடத்தில் சுவர் செதில் செதிலாக உரிந்து நின்றது. சுவர் பளபளத்த இடத்தில் தரை பல்லைக் காட்டியது.

மேனேஜர் மேலே வந்து பார்த்தார். “ஹால் டிக்கெட்டயும் பாதியா கிழிச்சுத் தரட்டுமா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மகள் நடுவில் நின்றாள். இரண்டு வருஷமாக அவள்தான் இவர்களுக்குத் தபால்காரி.

“பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு. என் பங்கு முடிஞ்சுது.”

“உங்கப்பாகிட்ட சொல்லு. என் பங்கு காலையிலயே முடிஞ்சுது. அந்தாளு பங்குலதான் ரெண்டு விரக்கடை குறையுது.”

“குறையவே குறையாது.” டேப்பை இழுத்துப் பார்த்தான். இரண்டு விரற்கடை குறைந்துதான் இருந்தது. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவளின் கண். டேப்பைச் சுருட்டினான்.

மகள் உடைந்த தரையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்தாள்.

“நீங்க அளந்து முடிங்க. ஹால் டிக்கெட் வரலன்னா அடுத்த வருஷமும் எனக்கு இதே கிளாஸ்தான். அதுக்கும் ஃபீஸ் உண்டு. ஆளுக்குப் பாதி.”

அவன் எழுந்து சிமெண்ட் குழைத்தான். அவள் காயப்போட்ட ரோலரை எடுத்தாள். டைல்ஸ் வரிசைக்குக் கயிறு பிடிக்க மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடியே ஒரு கையை நீட்டிக் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு விறைப்பாக நின்றது.

மறுநாள் பொழுது சாயும்போது வராண்டா முழுசாக முடிந்தது. மேனேஜர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஹால் டிக்கெட்டை மகளிடம் கொடுத்தார். கூடவே அவனிடம் ஒரு சீட்டையும் நீட்டினார்: ‘புதிய வராண்டா பராமரிப்புக் கட்டணம்’.

“எல்லாப் பிள்ளைங்களுக்கும் பொதுதான். பரீட்சை முடிஞ்சு, டி.சி. வாங்க வரும்போது கட்டினா போதும்” என்றார். தங்கமான மனுஷர்.

மகள் ஹால் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். அவன் சீட்டை இரண்டு தரம் படித்தான். பிறகு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நேராகப் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

“பேத்துடலாமா?”

அவள் கையிலிருந்த பெயிண்டைத் துணியில் துடைத்தாள்.

“அவசரப்படாதய்யா. அவ மொதல்ல எழுதி முடிக்கட்டும்.”