நோரீன் போட்ட கடைசி ஆப்ரிகாட்

ஷெப்பர்டன் ஊரில் மெர்வ் குடியிருந்த பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை, வேண்டாத பழைய சாமான்களை வெளியே போடும் பெரிய குப்பை வாரம் வரும். அந்த வாரம் வாசலோரப் புல்லில் எதை வைத்தாலும் அது ஊருக்குச் சொந்தம். கேட்காமலேயே தூக்கிக்கொண்டு போகலாம். இந்த எழுதாத சட்டம் மெர்வுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் அந்த வார வெள்ளிக்கிழமை காலை, மகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரு பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டுக் கார் சாவி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம்.

பெட்டியில் இருந்தவை, அவர் மனைவி நோரீன் பழம் பதப்படுத்தும் பெரிய பாத்திரம், காலி ஜாடிகள், நிறைந்த ஜாடி ஒன்றே ஒன்று. நோரீன் இறந்து மூன்று வருடம். அவள் கையால் பாகில் போட்ட ஆப்ரிகாட் பழத்தில் மிச்சம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்தநாள். பெண்டிகோவில் மகள் ரோஸ்லின் வீட்டில் இருவருமாகத் திறப்பதென்று பேச்சு.

நோரீன் இருந்தவரை அந்த வீட்டில் குப்பைத்தொட்டி பாதிகூட நிரம்பியதில்லை. ரொட்டிப் பைகள் கழுவப்பட்டுக் கொடியில் காயும். தோலும் காம்பும் கோழிகளுக்கு; அவை மறுத்தது உரக்குழிக்கு. பெரிய குப்பை வாரம் வந்தால் இருவரும் தள்ளுவண்டியோடு கிளம்பிவிடுவார்கள். வெளியே போட்டது ஒரு நாற்காலி என்றால் உள்ளே வந்தது நாலு.

"இதையெல்லாம் எங்கடி வைக்கப் போறே?"

"முதல்ல வண்டியில ஏத்து மெர்வ். முனகலை அப்புறம் வச்சுக்கலாம்."

அந்தப் பாத்திரமே யாரோ வாசலில் போட்டு, அவள் பொறுக்கி வந்ததுதான். எத்தனை சந்தோஷமான நடைகள்! அப்போது முனகியதை நினைத்து மெர்வ் இப்போது தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்று பகல் முழுக்கத் தெருத் தெருவாக அலைந்தார். மூன்றாவது தெருவில் ஒரு வீட்டு முகப்பில் பாத்திரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்தவள் லூபே, டோங்கா தீவுக்காரி, அந்த வருடம்தான் குடிவந்தவள். மெர்வ் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"ஐயோ பெரியவரே, புல்லுல இருந்துச்சு, எடுத்துட்டேன். எல்லாத்தையும் கொண்டு போங்க."

"பழம் இருந்த ஜாடி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறையில் அந்த ஜாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. நோரீன் கையால் எழுதி ஒட்டிய சீட்டையும் ஊறவைத்து உரித்துவிட்டிருந்தாள். நோரீனும் ஜாடி கிடைத்தால் முதல் காரியமாக அதைத்தான் செய்திருப்பாள். யாரைத் திட்டுவது? மெர்வ் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூடி கெட்டியா இருந்துச்சு, வாசனையும் நல்லா இருந்துச்சு. மதியம் பசங்க கஸ்டர்டோட காலி பண்ணிட்டானுங்க. உள்ள இப்படி ஒரு பொக்கிஷம்னு எனக்குத் தெரியாதே!"

"நீ என்னம்மா பண்ணுவே? புல்லுல வச்ச நான்ல மடையன்."

லூபே குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். "எனக்குன்னு ரெண்டு துண்டு எடுத்து வச்சேன். இன்னும் தொடலை."

மெர்வ் அங்கேயே தின்றுவிடத் துடித்தார். தின்னவில்லை. கழுவி வைத்திருந்த மார்ஜரின் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, பாகு சிந்தாமல் ஊற்றி மூடினார். பாத்திரத்தையும் ஜாடிகளையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"என்னப்பா, ஜாடி நிறைய இருந்துச்சே?"

"அம்மா வீட்டுக்கு வந்தவங்கள என்னிக்கு வெறும் வாயோட அனுப்பியிருக்கா? பாதி ஊர் சாப்பிட்டாச்சு. நமக்கு ஆளுக்கு ஒண்ணு."

ரோஸ்லின் வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரையில கஞ்சத்தனம், எப்பவும் போல."

மூன்று வருடத்தில் முதல்முறையாக நோரீனை யாரோ குறை சொன்னார்கள். பக்கத்து அறையில் அவள் இருப்பதுபோலவே இருந்தது. மெர்வ் சிரித்தார், அப்புறம் மகள் தோளில் சாய்ந்து அழுதார்.