ஆல்பி டிரம்பாத் வைத்துவிட்டுப் போன ஐந்தெழுத்து

1

இந்தக் கதை ஒரு பூட்டிலிருந்து வந்தது. உள்ளொளி, தரிசனம் என்று எதுவும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டாவில் (செம்புச் சுரங்கங்கள் மூடிப்போன பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஊர்) ஒரு பழைய சாமான் கடையில் பித்தளைப் பூட்டு ஒன்று கிடந்தது. சாவித் துளை இல்லை. ஐந்து வளையங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆங்கில எழுத்துகள். சரியான சொல்லைச் சேர்த்தால் திறக்கும்.

"என்ன சொல்லு?" என்று கேட்டேன்.

"வெச்சவன் செத்துட்டான். போய் அவனக் கேளு," என்றார் கடைக்காரர்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

(ஐந்தெழுத்து என்றதும் தமிழ் வாசகருக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். இது வேறு.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டா என்ற கேள்வி, மனித குலத்தை ஆதிநாள் தொட்டு—’

முடிக்க முடியவில்லை. இந்த வாக்கியத்தை முடிப்பவர்கள் மேடையில் இருப்பார்கள், கழுத்தில் மாலை கிடக்கும், எதிரே காப்பி எப்போது வரும் என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். எனக்கு அந்த வசதியில்லை.

2

சரி, 1974 என்று வைத்துக்கொள்வோம். மூண்டாவில் ‘மறுமைச் சான்றாய்வுச் சங்கம்’ என்று ஒன்றை உண்டாக்குகிறேன். உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகமுள்ள சங்கம். தலைவர் லான்ஸ்லாட் குவிக்கின், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். உயிரோடிருந்தவர்களை நம்பியே பழக்கமில்லாதவர்; இறந்தவர்களிடமும் ஜாமீன் கேட்பார்.

சங்கத்துக்கு உயிர்நாடி இரண்டு. ஒன்று தராசு. சுரங்கம் ஓடிய காலத்தில் தாதுவின் தரம் பார்த்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். விவாதம் முடிந்ததும் ஆளுக்கொரு கல் போட வேண்டும். பச்சை ஓடிய செம்புக் கல் என்றால் ‘உண்டு’. வெள்ளைக் கல் என்றால் ‘இல்லை’. போடும் முன் காரணம் சொல்ல வேண்டும். மனிதகுலத்தின் மாபெரும் கேள்வியைச் சில்லறைத் தராசில் நிறுத்துப் பார்த்த பெருமை அந்த ஊருக்கு உண்டு.

இன்னொன்று பூட்டுச் சுவர். ஒவ்வோர் உறுப்பினரும் தனக்கு மட்டும் தெரிந்த சொல் ஒன்றை வைத்து ஒரு பூட்டை ஆணியில் மாட்ட வேண்டும். அவர் இறந்த பிறகு, ஆவியோடு பேசும் ஊடகர் ஒருவர் வந்து ஒரே ஒரு சொல் சொல்லலாம். திறந்தால் மறுமைக்குச் சான்று. திறக்காவிட்டால் அன்றே பூட்டைப் பழைய சுரங்கக் குழியில் எறிந்துவிடுவார்கள். இடையில் வேறு யாராவது பூட்டைத் திறந்திருந்தால் சோதனை செல்லாது; பூட்டைக் குழியில் எறிவதும் இல்லை. திறந்தவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். ஏனென்றால் உயிரோடிருக்கும் ஒரு தலைக்குள் அந்தச் சொல் இருந்துவிட்டால், ஊடகர் அதை அங்கிருந்தே எடுத்திருக்கலாம் அல்லவா.

இத்தனை விதியையும் எழுதியவர் செயலாளர் ஆல்பி டிரம்பாத். அவர்தான் இப்போது இறந்திருக்கிறார்.

குழிக்குள் பல பூட்டுகள் போயிருக்கின்றன. இதுவரை ஒன்றும் திறந்ததில்லை.

3

மெர்ல், ஆல்பியின் மனைவி. (எழுபது தாண்டியவளை ‘அவள்’ என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கொஞ்சம் ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது.) சனிக்கிழமைகளில் மண்டபத்தைத் திறந்து பூட்டுகளுக்குப் பாலிஷ் போடுவது அவள் வேலை. பெரிய கேள்விகளை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். பித்தளையை அவள் பார்த்துக்கொண்டாள்.

ஆல்பியைப் புதைத்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, துணியோடு அவருடைய பூட்டைக் கையில் எடுத்தாள். வளையங்களைத் திருப்பித் தன் பெயரைச் சேர்த்தாள். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. வேறெதற்காக ஐந்தெழுத்துப் பூட்டு வாங்கியிருப்பார்?

திறக்கவில்லை.

[இங்கே அவள் அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. துணியை மடித்து வைத்தாள்.]

பிறகு, வீம்புக்குத்தான், அவர்கள் வளர்த்த நாயின் பெயரைப் போட்டாள். டிக்பி. அதுவும் ஐந்தெழுத்து. ‘டக்’ என்று திறந்துகொண்டது.

ஐம்பது வருடக் குடித்தனம். வேலிக்கடியில் புதைத்த நாய், அதுவும் தபால்காரரைக் கடித்த நாய், அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அடுத்து அவள் செய்ததை நான் பல நாள் நம்பவில்லை. விதிகளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் செய்வாளா? அவள் கைகளைக் கட்டிப் பார்த்தேன், நடுவில் யாரையோ கதவைத் தட்ட வைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. திறந்திருக்கும்போது மட்டும் இந்தப் பூட்டில் சொல்லை மாற்றலாம். மெர்ல் மாற்றினாள். தன் பெயரை வைத்து, பூட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

4

ஒரு வரைவில் ஊடகர் வந்து "மெர்ல்" என்கிறார். பூட்டு திறக்கிறது. மண்டபமே எழுந்து நிற்கிறது, குவிக்கின் மூக்கைச் சீந்துகிறார், அடிலெய்டு பத்திரிகைக்குத் தந்தி போகிறது. அது ஆல்பி சொன்னதல்ல என்று மெர்லுக்கு மட்டும் தெரியும்.

படித்த நண்பர் ஒருவர் இதோடு நிறுத்திவிடு என்றார். நிறுத்தியிருந்தால் ஆவிகளைக் கிண்டல் செய்த புத்திசாலி என்ற பெயரோடு போயிருப்பேன். ஆனால் அடுத்த நாள் எழுதியதில் ஊடகர் வேறொன்றைச் சொல்லிவிட்டார்.

5

ஞாயிறு மதியம். தேநீர், இறைச்சி அடைத்த பாஸ்டி. ஊடகர் டல்சி ஹாக்கிங், பக்கத்து ஊர் வாலரூவில் பெண்களுக்கு முடி திருத்துகிறவர். கத்தரிக்கோலோடு இருபது வருடம் நின்றவருக்கு உயிரோடிருப்பவர்கள் விவகாரமே பாதி மறுமை மாதிரி.

டல்சி கண்ணை மூடினார். மெர்ல் நாற்காலியின் விளிம்பில் இருந்தாள். தன் பெயர் வந்தால் ஆல்பி இல்லை. வராவிட்டால்—

"நாய் ஒண்ணு வருது," என்றார் டல்சி. "கெட்ட நாய். டிக்பி."

குவிக்கின் தொண்டையைச் செருமிக்கொண்டு வளையங்களைத் திருப்பினார். இழுத்தார். மறுபடி இழுத்தார். பூட்டு அசையவில்லை.

"சரி, முடிஞ்சுது," என்றார் ஸ்டான் பெங்கிலி. முன்னாள் ரயில் ஓட்டுநர், ஆல்பியின் தூண்டில் கூட்டாளி, எதையும் நம்பாதவர். "அந்த நாய் கடிக்காத ஆளு இந்த ஊர்ல யாரு? இதுக்கு ஆவி வேணுமா, என் முழங்காலக் கேட்டாலே சொல்லும்."

டல்சி கண்ணைத் திறக்கவில்லை. "அவரு அடம் பிடிக்கிறாரு. நான் வெச்சது அதுதான்ங்கிறாரு."

"தோத்தவங்க காரணம் சொல்றது வழக்கம்தான்," என்றார் குவிக்கின். "செத்தும் அந்தப் பழக்கம் விடல போலிருக்கு. குறிப்புல சேத்துக்கலாம்."

மெர்ல் மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"வேற ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். கேள்வி கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிரிக்கிறாரும்மா. ‘அவ முதல்ல தன் பேரத்தான் போட்டுப் பாப்பா. அவளே கண்டுபிடிச்சா அப்புறம் அது என்ன சோதனை? அதான் நாய் பேரு வெச்சேன்’ங்கிறாரு."

"ஆல்பி மாதிரியே இருக்கு," என்றார் ஸ்டான், கொஞ்சம் நிதானித்து. "இருந்தாலும் டல்சி, புருஷன எழந்தவ என்ன கேக்க ஆசைப்படுவான்னு உனக்குத் தெரியாதா? தெனம் நாலு பேரு உன் நாற்காலில உக்காந்து அதத்தானே கேக்குறாங்க."

"தெரியும்," என்றார் டல்சி. "அதுக்காக அவரு சொல்றத நான் சொல்லாம இருக்க முடியுமா?"

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சிரிப்பு பற்றிய அந்த வரியை டல்சிக்குக் கொடுத்தது நான். மெர்ல் அந்தச் சனிக்கிழமை துணியை மடித்து வைத்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. சான்றைக் கலைத்தவர்களில் அவளுக்கு அடுத்தது நான்தான். ஆனால் நான் யோசித்து எழுதவில்லை. அந்த வரி தானாக வந்தது. எழுத்தாளர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். ஊடகர்களும்.)

6

கல் போடும் நேரம். டல்சியிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள் பச்சைக் கல்லைப் போட்டார்கள், மற்றவர்கள் வெள்ளையை. காரணங்கள் நீளமாகவும் கௌரவமாகவும் இருந்தன. தராசு சமமாக நின்றது. இறந்தவருடைய வீட்டாரின் கல் கடைசிக் கல். அதுவும் ஆல்பி எழுதிய விதி.

"மிஸஸ் டிரம்பாத்," என்றார் குவிக்கின். "அவசரமில்ல. ஆனா வெளிச்சம் இருக்கும்போதே குழிக்குப் போயிடணும்."

பூட்டு அவர் கோட்டுப் பைக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

மெர்ல் இரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு தராசின் முன் நின்றாள். வெள்ளையைப் போட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பூட்டு திறக்கவில்லை என்பதே காரணம். பூட்டு குழிக்குள் போகும், அதோடு ஆல்பியும். பச்சையைப் போட்டால் சொல்ல வேண்டும்: ‘அவரு வெச்சது அதுதான். மாத்தினது நான்.’ உடனே சோதனை செல்லாது. நாய் அவள் தலைக்குள்ளும் இருந்ததே, டல்சி அங்கிருந்து எடுத்திருக்கலாம் என்பார் ஸ்டான். அது நியாயமும்கூட. சங்கத்திலிருந்து நீக்குவார்கள், வேலைக்கு இருந்த சனிக்கிழமையும் போகும். ஆனால் நாயின் பெயர்தான் அவள் தலைக்குள் இருந்தது. ஏன் அந்தப் பெயர் என்ற காரணம் இருக்கவில்லை. அந்தக் காரணத்தை அவள் எங்கும் வைத்திருக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது?

"என்னம்மா மெர்ல்," என்றார் ஸ்டான், மெதுவாக. "உனக்கு ஏதோ தெரியும் போலிருக்கே."

அவள் வாயைத் திறந்தாள்.

[‘அவள் சொன்னாள்:’ என்று எழுதிவிட்டு அந்த முக்காற்புள்ளியின் முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.]

7

அவள் பேசிவிட்டாள் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் பூட்டு குழிக்குள் போயிருக்கும், கடைக்கு வந்திருக்காது. இதோ என் மேசைமேல் இருக்கிறது. ஆகவே பேசினாள். ஆகவே ஆல்பி—

ஸ்டான் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். "குழியத் தோண்டினதே நீ தானேய்யா." உண்மைதான். பூட்டை வாங்கியது முதலில். குழி, சங்கம், நாய், மெர்ல் எல்லாம் பிறகு, இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் உண்டாக்கியவை. இல்லாத மனிதர் ஒருவர் இல்லாத நாயின் பெயரை வைத்தார் என்பதால் ஒரு பித்தளைப் பூட்டு திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியிருக்க, ஏன் நான் இன்னும் அந்த இரண்டு பெயரில் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை? கை வளையத்துக்குப் போகிறது, நின்றுவிடுகிறது. திறக்காவிட்டால் மெர்ல் தராசின் முன் பொய்யாக நிற்பாள். திறந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

கல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது, குவிக்கின் இரண்டு முறை ஜன்னலைப் பார்த்துவிட்டார். நீங்கள் என்னைவிடத் தைரியசாலி என்றால் வீட்டுக்கு வாருங்கள், பூட்டைத் தருகிறேன். முதலில் எந்தப் பெயரைப் போடுவீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். மெர்லிடம் சொல்லுங்கள். அவள்தான் காத்திருக்கிறாள்.